முதல் குழந்தை வரப்போகுது, அம்மா இல்லாத வீட்ல எப்படி தயாராகறது?

தாராபுரத்துப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு 31 வாரம் முடியப்போகுது, முதல் குழந்தை, டேட் சித்திரை கடைசில குடுத்திருக்காங்க. ஊர் தாராபுரம் பக்கம், இப்ப இருக்கறது திருப்பூர். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனில தான், நான் செக்கிங், அவரு கட்டிங். வாடகை வீடு, ஒரு ரூம் ஒரு ஹாலு சின்ன சமையக்கட்டு, நேர் மேல மொட்டை மாடி, மத்தியானம் ஃபேன் போட்டா அனல் தான் இறங்குது.

எங்கம்மா தவறிட்டாங்க, எனக்கு கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே. ஊர்ல அப்பாவும் தம்பியும் மட்டும் தான். தலைப்பிரசவம் அம்மா வீட்ல தானேன்னு பாக்கறவங்க எல்லாரும் கேக்கறாங்க, கேட்டதுக்கு அப்புறம் தான் அவங்களுக்கே ஞாபகம் வந்து சங்கடமா நிக்கறாங்க, நான் தான் அவங்களை சமாதானப்படுத்த வேண்டியிருக்கு. அத்தை கரூர்ல இருந்து வரேன்னு சொல்லியிருக்காங்க, பாசமா தான் இருப்பாங்க ஆனா முட்டி வலி, மாடிப்படி ஏற மாட்டாங்க, ரெண்டு வாரத்துக்கு மேல இருக்க முடியாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

எனக்கு மூணு விசயம் தெரியணும். குழந்தைக்கு என்னென்ன வாங்கி வெக்கணும், பொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணும் வாங்கக்கூடாதுன்னு சொல்றாங்களே அதுக்கு என்ன பண்றது. பிரசவம் ஆகி யாரு பாத்துக்கறது. அப்புறம் கட்டுச்சோறு, மாசமா இருக்கற பொண்ணுக்கு செய்யற சடங்கு, சாதம் எல்லாம் பொறந்த வீட்ல இருந்து கொண்டு வரணும், எங்க வீட்ல பொம்பளைங்களே இல்ல, வேண்டாம்னு விட்டுடலாமா. இதை நினைச்சா தான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.

மதுரைமல்லி

வாங்க வாங்க, முதல்ல வாழ்த்துகள். சாமான் விசயம் ரொம்ப சுலபம், அதைப் பத்தி கவலையே வேணாம். பச்சப்பிள்ளைக்கு தேவைப்படறது ரொம்ப கம்மி, கடைக்காரங்க தான் அம்பது ஐட்டம் காட்டுவாங்க. பழைய வேட்டி பழைய காட்டன் சேலை நாலஞ்சு எடுத்து நல்லா துவைச்சு வெயில்ல காய வெச்சு சதுரமா கிழிச்சு வெச்சுக்கோங்க, துடைக்க சுத்த விரிக்க எல்லாத்துக்கும் அதான். புதுசு வாங்கக்கூடாதுன்னு சொல்ற வீட்லயும் பழைய துணிக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, எங்க பக்கம் முதல் சட்டையே வேற பிள்ளை போட்டுக் கழிச்சதைத் தான் போடுவோம்.

முன்னாடி கட்டற மாதிரி காட்டன் சட்டை ஆறேழு, நாப்பி துணி ஒரு இருபது இருபத்தஞ்சு (மழை நாள்னா இன்னும் வேணும், உங்களுக்கு சித்திரை வெயில்ல அரை மணில காஞ்சிடும்), ரப்பர் ஷீட் ரெண்டு, ஒரு சின்ன கொசுவலை, ஒரு பேசின், ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். அவ்வளவு தான். தொட்டில், வாக்கர், பவுடர் டப்பா, ஷூ எதுவும் இப்ப வேண்டாம்.

உங்களுக்கு தான் நிறைய வாங்கணும், அதை யாரும் சொல்ல மாட்டாங்க. முன்னாடி ஜிப் வெச்ச நைட்டி நாலு, ஃபீடிங் பிரா, பெரிய சைஸ் பேட் ரெண்டு மூணு பாக்கெட், தளர்வான காட்டன் உள்ளாடை. பிரசவம் ஆகி பல நாளைக்கு உதிரம் போகும், சிலருக்கு ஆறு வாரம் கூட போகும். எங்க வீட்ல குழந்தைக்கு அலமாரி நிறைய இருந்துச்சு, எனக்கு மாத்திக்க நைட்டி இல்லாம என் தங்கச்சி கடைக்கு ஓடினா.

ஓய்வுபெற்ற_செவிலி

நான் கிராம சுகாதார செவிலியா ரொம்ப வருசம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. அம்மிணி, உன் கேள்விக்கு வரிசையா வர்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல பேப்பர். பிக்மி நம்பர், அதான் கர்ப்பத்தை அரசாங்கத்துல பதிவு பண்ணினா குடுக்கற நம்பர், வாங்கிட்டியா? தனியார் ஆஸ்பத்திரில பாத்தாலும் அது வேணும், பிறப்பு சான்றிதழுக்கே அந்த நம்பர் கேப்பாங்க. தகுதி இருந்தா டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல 18,000 ரூபா வரும், அதுல 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்து பெட்டகமா ரெண்டு தடவை குடுப்பாங்க, மீதி பேங்க்ல ஏறும், அதனால உன் பேர்ல அக்கவுண்ட் ஆதாரோட இணைஞ்சிருக்கான்னு இப்பவே பாத்துக்க. பனியன் கம்பெனின்னு சொன்னியே, சம்பளத்துல இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கறாங்களா? பிடிச்சா அது தான் பெரிய விசயம். போன ரெண்டு காண்ட்ரிபியூசன் பீரியட்ல (ஆறு மாசம் ஒரு பீரியட்) 70 நாள் காசு கட்டியிருந்தா 26 வாரம் முழு சம்பளம் இஎஸ்ஐல இருந்து வரும், டேட்டுக்கு 8 வாரம் முன்னாடியே லீவை ஆரம்பிச்சுக்கலாம். சூப்பர்வைசர் கிட்ட கேக்காத, இஎஸ்ஐ கிளை ஆபீஸ்ல நேரா போய் கேளு. நின்னுட்டே செக்கிங் பாக்கறவங்களுக்கு கால் வீங்கும், அதனால லீவை எப்ப எடுக்கறதுன்னு டாக்டர் கிட்டயும் கேட்டுக்க.

ரெண்டாவது, எங்க பிரசவம்னு முடிவு பண்ணிடணும். அப்பா வீட்டுக்கு போறதா இருந்தா இப்பவே போய் அங்க இருக்கற ஆஸ்பத்திரில காட்டிடு, 37 வாரத்துக்கு மேல பஸ்ல அலையக்கூடாது. எங்க இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா எந்த வண்டி, யார் கூட வருவாங்க, ஃபைல் எங்க இருக்கு, இந்த மூணையும் வீட்டுக்காரரு தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும். 108 இருக்கு, இருந்தாலும் பக்கத்துல ஒரு ஆட்டோக்காரர் நம்பர் வெச்சுக்க. உன் ரத்த குரூப் என்ன, அந்த குரூப்ல ரத்தம் குடுக்க ரெண்டு பேரு யாரு, அதையும் ஒரு பேப்பர்ல எழுதி பைல வெச்சிடு.

குழந்தை அசைவு தினமும் கவனி. சாப்ட்டு முடிச்சு இடது பக்கம் படுத்து எண்ணு, ரெண்டு மணி நேரத்துல பத்து அசைவு வரணும், வரலைன்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காத. தலைவலி விடாம இருந்தாலோ, கண் மங்கினாலோ, மூஞ்சி கை திடீர்னு வீங்கினாலோ, ரத்தம் பட்டாலோ, தண்ணி உடைஞ்சாலோ அப்பவே கிளம்பு.

மனசு விசயம் அப்புறம் எழுதறேன், அதுக்கு பொறுமையா உக்காரணும்.

காங்கேயம்கமலா

கண்ணு, பச்ச உடம்புக்காரி ரெண்டு ஆம்பளைங்க இருக்கற வீட்ல போய் எப்படி இருப்ப? திருப்பூர்லயே இரு. எங்க காலத்துல எல்லாம் கொழந்த பொறந்ததும் நாக்குல சேனை, அதான் சக்கரைத் தண்ணியோ தேனோ, தொட்டு வெப்போம், குடும்பத்துல குணவதியா இருக்கற பொம்பளை கையால. வசம்பு சுட்டு உரசி வெப்போம், வாரத்துக்கு ரெண்டு நாள் எண்ணெய் தேச்சு கால்ல போட்டு குளிப்பாட்டி சாம்பிராணி போடுவோம், கொழந்த அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கும். இதெல்லாம் செய்யறதுக்கு ஒரு பெரியவங்க வேணும், கூலிக்காவது ஒரு குளிப்பாட்டற அம்மாவ பாத்து வெச்சுக்க.

ஓய்வுபெற்ற_செவிலி

கமலாக்கா, கோவிச்சுக்காதீங்க, இதுல நான் சும்மா போக முடியாது. நீங்க சொல்ற பாசம் எனக்கு புரியுது, எனக்கும் சேனை வெச்சு தான் வளத்தாங்க. ஆனா சக்கரைத் தண்ணி, தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேன்ல இருக்கற ஒரு கிருமி பச்சக்குழந்தை குடல்ல வளந்து நரம்பைத் தாக்கும், ஒரு வயசு வரைக்கும் தேனே நாக்குல படக்கூடாது. பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடுக்கறது தான் சேனை, அதைக் குடுக்க தாயை விட குணவதி யாரு? குணவதி கையால தான் ஆகணும்னா அந்தப் பொம்பளை குழந்தையை மொதல்ல மடில வாங்கி ஆசீர்வாதம் பண்ணட்டும்.

வசம்பு நாக்குல வெக்கறது வேண்டாம். எண்ணெயை உடம்புல லேசா தடவலாம், மூக்குலயும் காதுலயும் ஊத்தறது, வாயை வெச்சு மூக்கை ஊதறது, தொண்டைல விரல் விட்டு கோழை எடுக்கறது இதெல்லாம் கூடவே கூடாது, எண்ணெய் நுரையீரலுக்கு போய் நிமோனியா ஆன குழந்தைகளை நான் கண்ணால பாத்திருக்கேன். சாம்பிராணி புகையும் அப்படித்தான், அந்த சின்ன நெஞ்சு தாங்காது. தொப்புள் கொடில ஒண்ணும் தடவாம காய விட்டா தானா விழும், அது விழற வரைக்கும் குளிப்பாட்டாம குழந்தை உடம்பை ஈரத்துணியால துடைச்சாலே போதும். கண் மை வேண்டாம்.

காங்கேயம்கமலா

செரி செரி, படிச்சவ சொல்ற. ஆனா குளிப்பாட்டிட்டு கால் கை நீவி விடறது தப்பில்லையே? அதுல தான் கொழந்தைக்கு பெரியவங்க கை பழகும்.

ஓய்வுபெற்ற_செவிலி

அது நல்லதுங்க அக்கா, அதை செய்யுங்க. கை வெதுவெதுப்பா இருக்கட்டும், நகம் வெட்டியிருக்கட்டும்.

கட்டிங்மாஸ்டர்_அவினாசி

நானும் திருப்பூர் லைன் தான், என் வீட்டம்மாவுக்கு போன வருசம் பிரசவம், அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியாததால எங்க வீட்ல தான் வெச்சு பாத்தோம். அதனால ஆம்பளை பக்கத்துல இருந்து சொல்றேன், உங்க வீட்டுக்காரரை இதைப் படிக்க சொல்லுங்க.

நம்ம மாதிரி பிரைவேட் கம்பெனில அப்பாவுக்கு லீவு சட்டம்னு ஒண்ணும் கிடையாது, அதனால இப்ப இருந்தே லீவை சேத்து வெக்கணும், தீபாவளி போனஸ் கணக்குல கொஞ்சம் காசும் ஒதுக்கணும். பொறந்த அன்னைக்கு ஓடி வந்து ஸ்வீட் குடுத்துட்டு மறுநாள் வேலைக்கு போறதை விட, ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்த அப்புறம் லீவு எடுக்கறது தான் உபயோகம், ஏன்னா ஆஸ்பத்திரில நர்சுங்க இருக்காங்க, வீட்ல யாரு இருக்கா.

பால் குடுக்கறது ஒண்ணு தான் நம்மால முடியாது, மத்த எல்லாமே நம்ம வேலை. ஏப்பம் விட வெக்கறது, துணி மாத்தறது, துணி துவைக்கறது, சுடுதண்ணி, சமையல், வர்றவங்களை கவனிக்கறது. ராத்திரி குழந்தை அழுதா நான் எந்திரிச்சு துணி மாத்தி அவ கைல குடுப்பேன், குடிச்சதும் வாங்கி தோள்ல போட்டுக்குவேன், அவ அப்படியே கண்ணை மூடிடுவா. இதுல தனியா ஒரு தூக்கம் அவளுக்கு கிடைச்சுது. சோறு வடிக்க பருப்பு ரசம் கீரை செய்ய பிரசவத்துக்கு முன்னாடியே கத்துக்கணும், அன்னைக்கு போய் புளி எவ்வளவுன்னு அவளைக் கேக்கக்கூடாது.

அப்புறம் பாக்க வர்றவங்க. கை கழுவிட்டு தான் தொடணும்னு வாசல்லயே சோப்பும் தண்ணியும் வெச்சிட்டேன், சளி இருமல் இருந்தா ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டேன். சொந்தக்காரங்க முகம் சுழிச்சாங்க, நான் சொன்னதால பரவாயில்லைன்னு போயிட்டாங்க, அதையே அவ சொல்லியிருந்தா பேச்சு வேற மாதிரி ஆகியிருக்கும். அந்த பாரத்தை புருசன் தான் சுமக்கணும்.

மாடி வெயிலுக்கு ஒரு வழி, ஹவுஸ் ஓனரை கேட்டு மொட்டை மாடில வெள்ளை சுண்ணாம்போ கூலிங் பெயிண்டோ அடிச்சிடுங்க, பங்குனிலயே அடிச்சிடணும். நாங்க அதோட தென்னை ஓலை கீத்தும் போட்டோம், ரூம்ல நல்லா வித்தியாசம் தெரிஞ்சுது.

மதுரைமல்லி

இந்த தம்பி சொன்னதை நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டேன்.

வெயில் பத்தி இன்னொண்ணு. சித்திரைல பொறந்த குழந்தைக்கு ஸ்வெட்டர் குல்லா சாக்ஸ் எல்லாம் மாட்டி வேர்க்குரு வர வெக்கறாங்க. நமக்கு எவ்வளவு துணியோ அதுக்கு மேல ஒரே ஒரு சுத்து போதும். ஃபேன் போடலாம், நேரா மூஞ்சில அடிக்கக்கூடாது. நாக்கு வறளுதுன்னு தண்ணி குடுக்க சொல்வாங்க, எவ்வளவு வெயில் அடிச்சாலும் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் தான், அதுலயே தண்ணி இருக்கு. தண்ணி குடிக்க வேண்டியது நீங்க. பிள்ளை பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு பெருக்கும்னு சொட்டு சொட்டா குடுக்கற வீடுங்க இன்னும் இருக்கு, அந்தப் பேச்சைக் கேக்கவே கேக்காதீங்க, சித்திரை வெயில்ல பால் குடுக்கற உடம்பு.

பத்தியம் பத்தியும் பயப்படாதீங்க. பூண்டு, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், மிளகு ரசம், கருப்பட்டி, முட்டை, மீன் எல்லாம் நல்லது தான். அதை சாப்பிடாத இதை சாப்பிடாதன்னு வெறும் ரசஞ்சோத்துல நிறுத்தறது தான் தப்பு.

பொள்ளாச்சி_அண்ணி

தூளி பத்தி யாரும் சொல்லலையே. எங்க வீட்ல சேலைத் தூளி இல்லாம எந்தப் பிள்ளையும் தூங்கினதில்ல, அதுக்கு ஹாலுல கொக்கி இருக்கான்னு பாருங்க.

ஓய்வுபெற்ற_செவிலி

தூளி கட்டலாம், கொக்கி ஸ்ட்ராங்கான்னு ஆள் பாரம் போட்டுப் பாத்துட்டு கட்டுங்க. நடுவுல கட்டை குடுத்து விரிச்சு விடணும், துணி மூஞ்சிய மூடாம இருக்கணும், தரைல இருந்து ரொம்ப உயரம் வேண்டாம், யாராவது கண் பார்வைல இருக்கும்போது மட்டும். ராத்திரி தூக்கம் சமமான இடத்துல, மல்லாக்க, தலகாணி இல்லாம.

அம்மிணி, மனசைப் பத்தி எழுதறேன்னு சொன்னேன். பிரசவம் ஆன மூணாம் நாள் வாக்குல காரணமே இல்லாம அழுகை வரும், பெத்தவங்கள்ல பாதிக்கும் மேல இது வரும், ரெண்டு வாரத்துக்குள்ள தானா சரியாகும். அப்ப வீட்ல இருக்கறவங்க அழாத பால் வத்திடும்னு அதட்டாம பக்கத்துல உக்காந்தா போதும். அம்மா இல்லாத பொண்ணுங்களுக்கு அந்த நேரத்துல துக்கம் திரும்ப முட்டிட்டு வரும், நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை நிக்கலைன்னா, குழந்தை தூங்கியும் உனக்கு தூக்கம் வரலைன்னா, குழந்தை மேல ஒட்டுதலே வரலைன்னா, வாழவே வேண்டாம்னு தோணினா, அது நோய். மருந்து இருக்கு, பால் குடுத்துட்டே எடுத்துக்கற மருந்தும் இருக்கு. டாக்டர் கிட்ட சொல்லணும். 14416 டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர், எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. இந்த அறிகுறி எல்லாம் வீட்டுக்காரருக்கு தெரியணும், ஏன்னா அந்த நிலைமைல இருக்கறவ வாய் விட்டு சொல்ல மாட்டா.

கரிசல்மகள்

நான் ரொம்ப நாளா இங்க படிக்கறேன், எழுதினதில்ல. எனக்கும் அம்மா இல்லாம தான் பிரசவம் ஆச்சு, கோவில்பட்டி பக்கம். கட்டுச்சோறு எங்க பக்கம் கிடையாது, வளைகாப்பு தான், ஆனா கேள்வி ஒண்ணு தான். வேண்டாம்னு விட்டுடாதீங்க தங்கச்சி. எனக்கு சித்தி வந்து முதல் வளையல் போட்டாங்க, வேப்பங்குச்சி வளையலைப் போடும்போது அவங்க கை நடுங்குச்சு, நான் அழுதேன், அழுதா வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு ஒரு அம்மா சத்தம் போட்டாங்க, எங்க சித்தி அவ அழட்டும்னு ஒரே வார்த்தைல நிறுத்திட்டாங்க. அந்த ஒரு வார்த்தை எனக்கு பிரசவம் வரைக்கும் தெம்பா இருந்துச்சு.

இன்னொண்ணு, உங்க அம்மா உங்களைப் பெத்தப்ப கூட இருந்தவங்க யாராவது இருப்பாங்க, பெரியம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ. அவங்க கிட்ட போய் உக்காந்து கேளுங்க, எங்க அம்மாவுக்கு வலி எப்ப வந்துச்சு, என்ன சாப்பிட்டாங்க, நான் பொறந்ததும் என்ன சொன்னாங்கன்னு. எனக்கு எங்க சித்தி சொன்ன கதைல பாதி அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா கிட்ட கேட்டிருக்க வேண்டியதை வேற வாய் மூலமாவது கேட்ட மாதிரி ஒரு நிறைவு.

தாராபுரத்துப்பொண்ணு

எல்லார் பதிலையும் நானும் அவரும் ஒண்ணா உக்காந்து படிச்சோம்ங்க. கட்டிங் அண்ணன் எழுதினதை அவரு ரெண்டு தடவை படிச்சாரு, ஞாயித்துக்கிழமை பருப்பு கடைஞ்சு ரசம் வெச்சாரு, நல்லாவே இருந்துச்சு. இஎஸ்ஐ ஆபீஸ் போய் கேட்டாச்சு, எனக்கு நாள் கணக்கு சரியா இருக்கு, 26 வாரமும் கிடைக்கும்னு சொல்லிட்டாங்க, பெரிய பாரம் இறங்குச்சு. பிரசவம் இங்கயே தான், அப்பா வீட்டுக்கு போகல. அத்தை முதல் ரெண்டு வாரம், அப்புறம் அவரு லீவு, அதுக்கப்புறம் பெரியம்மா பொண்ணு ஒரு மாசம் வந்து இருக்கேன்னு சொல்லியிருக்கா. அத்தைக்கு படி ஏற கஷ்டம்னு கீழ் வீட்டு அக்கா அவங்க வீட்லயே படுத்துக்க சொல்லிட்டாங்க, நாங்க கேக்கவே இல்ல, அவங்களா சொன்னாங்க.

கட்டுச்சோறு விசயமா அப்பா கிட்ட பேசவே பயமா இருந்துச்சு. ஃபோன் பண்ணி வேண்டாம்பான்னு சொன்னேன், அவரு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் நான் உயிரோட தான இருக்கறேன்னு கேட்டாரு. சமையல்காரர் கிட்ட ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்காரு, ஏழு வகை சாதம், புளி சாதம் மட்டும் பெரியம்மா கையால, ஏன்னா அது எங்கம்மா பக்குவம் பெரியம்மாவுக்கு தான் தெரியும். தம்பி தூக்குபோசி எல்லாம் புதுசா வாங்கிட்டானாம், தாய்மாமன் ஆகப்போறேன்னு இப்பவே அலட்டிக்கறான். ஒன்பதாம் மாசம் நாள் பாத்திருக்காங்க. அழுகை வந்தா அழுதுக்கறேன்ங்க கரிசல் அக்கா.

பெரியம்மா கிட்ட கேட்டேன். நான் பொறந்தப்ப நல்ல ஐப்பசி மழையாம், ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டில தார்பாய் போட்டு கூட்டிட்டு போனாங்களாம். எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. பால் பத்துதா பத்தலையான்னு எப்படி தெரியும்? கம்பெனில பிள்ளை பெத்தவங்க எல்லாரும் அவங்களுக்கு பாலே வரலைன்னு சொல்றாங்க.

ஓய்வுபெற்ற_செவிலி

உங்கப்பா கிட்ட நான் கேட்டதா சொல்லு.

முதல் ரெண்டு மூணு நாள் சீம்பால் தான், சொட்டு சொட்டா தான் வரும், குழந்தை வயிறும் அந்த அளவு தான் இருக்கும். அதைப் பாத்து பாலே இல்லைன்னு பவுடர் பால் கரைச்சுடுவாங்க, அப்புறம் குழந்தை சரியா சப்பாது, நிசமாவே பால் குறைஞ்சிடும். பசிச்சு அழற வரைக்கும் காத்திருக்காத, வாயைத் திறந்து தேடும்போதே போடு, பகல் ராத்திரி சேத்து எட்டுல இருந்து பன்னண்டு தடவை. காம்பு மட்டும் இல்லாம சுத்தி இருக்கற கறுப்பு பாகமும் வாய்க்குள்ள போகணும், வலிச்சா எடுத்து திரும்ப போடு, ஆஸ்பத்திரில இருக்கும்போதே நர்ஸை கூப்பிட்டு காட்ட சொல்லு. அஞ்சு நாளுக்கு மேல ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு குறையாம மூத்திரம் போனா பால் பத்துதுன்னு அர்த்தம். பொறந்த எடைல பத்துல ஒரு பங்கு வரை குறையலாம், ரெண்டு வாரத்துக்குள்ள திரும்ப ஏறிடும்.

பொறந்ததும் பிசிஜி (காசநோய் தடுப்பூசி), போலியோ சொட்டு, மஞ்சக்காமாலை ஊசி மூணும் போட்டாங்களான்னு கார்டுல பாத்துட்டு தான் டிஸ்சார்ஜ் ஆகணும். ரெண்டு மூணு நாள்ல லேசா மஞ்சளா தெரியறது சகஜம், ஆனா முதல் 24 மணி நேரத்துலயே மஞ்சள் வந்தாலோ உள்ளங்கை பாதம் வரைக்கும் பரவினாலோ வெயில்ல காட்டிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போயிடு. பால் குடிக்காம துவண்டு கிடந்தாலும், மூச்சு வாங்கினாலும், சுட்டாலும், உடம்பு சில்லிட்டாலும் அதே தான்.

காங்கேயம்கமலா

கண்ணு, உங்கப்பன் மாதிரி ஆம்பளை இருக்கற வீட்ல ரெண்டு ஆம்பளை தானேன்னு நான் சொன்னத மனசுல வெச்சுக்காத. காங்கேயத்துல இருந்து திருப்பூர் எவ்வளவு தூரம், பொறந்ததும் சொல்லு, கருப்பட்டி நல்லெண்ணெய் எல்லாம் எங்க வீட்ல இருந்து குடுத்து விடறேன்.

கட்டிங்மாஸ்டர்_அவினாசி

எங்க பாப்பாவோட சின்ன சட்டை, நாப்பி துணி, கொசுவலை எல்லாம் நல்லா துவைச்சு மூட்டை கட்டி பரண்ல இருக்கு, எல்லாமே நம்ம ஊரு காட்டன். வேணும்னா தனி மெசேஜ்ல ஏரியா மட்டும் சொல்லுங்க, நானும் வீட்டம்மாவும் ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் தான் வருவோம்.

தாராபுரத்துப்பொண்ணு

மெசேஜ் போட்டுட்டேன் அண்ணா. அண்ணியையும் பாப்பாவையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, அன்னைக்கு சமையல் அவரு தான்.